“டிஸ்க் டிரைவர் இல்லை” என்று லினக்ஸ் பெட்டி வந்தால்

“அண்ணை, இதுக்கு ஒருக்கா ஹாட் டிஸ்க் டிரைவர் போட்டுத் தாங்கோ.”

மல்லாவியிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் சிபியூ பெட்டியை உரப்பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் தொடங்குவார்கள். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கணினி திருத்துகிற எனக்கு அந்த வசனம் பழகிவிட்டது. விண்டோஸில் வந்த பழக்கம் அது. சத்தம் வரவில்லை என்றால் டிரைவர் (சாமானை மெஷினோடு பேசவைக்கும் நிரல்), பிரிண்டர் ஓடவில்லை என்றால் டிரைவர், டிஸ்க் தெரியவில்லை என்றாலும் டிரைவர். லினக்ஸில் கதை வேறு. டிஸ்க் ஓட்டும் டிரைவர்கள் லினக்ஸின் உட்கருவான கேர்னலோடு சேர்ந்தே வருகின்றன. தனியாக இறக்கிப் போட அநேகமாக ஒன்றுமே இருக்காது. அதோடு, அந்த டிரைவர் டிஸ்க்குக்கு உரியதும் அல்ல, டிஸ்க் மாட்டியிருக்கும் கன்ட்ரோலருக்கு, அதாவது டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் சிப்புக்கு, உரியது. சீகேட் என்றாலும் தோஷிபா என்றாலும், சாதாரண மேசைக் கணினியில் சாட்டா வயரில் மாட்டினால் அதை ஓட்டுவது பெரும்பாலும் ஏஹெச்சிஐ என்ற ஒரே டிரைவர்தான். பஸ் சாரதி ஒருவர், ஏறி இறங்குகிற சனம்தான் மாறுகிறது.

ஆகவே “டிரைவர் பிழை” என்று வருகிறவற்றில் உண்மையான டிரைவர் பிழை கொஞ்சம். மிச்சம் பயோஸ் (மதர்போர்டில் இருந்து மெஷினை எழுப்பும் நிரல்) செட்டிங், வயர், கரண்ட், இல்லாவிட்டால் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க். எது என்று பிரித்துப் பார்க்காமல் லினக்ஸை அழித்துத் திரும்பப் போடுவதுதான் நான் அடிக்கடி காணும் அநியாயம். லினக்ஸ் போடும் சில ஜிபி ஐஎஸ்ஓ ஃபைலை ஃபோன் டேட்டாவில் இரவிரவாக இறக்கிப் போட்டிருப்பார்கள். வந்த வருத்தம் அப்படியே இருக்கும், உள்ளே இருந்த ஃபைல்கள் மட்டும் போயிருக்கும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும். பேரெழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

எந்தக் குறி என்றாலும் முதலில் இரண்டு கட்டளை. “எல்எஸ்பிஎல்கே” கேர்னலுக்குத் தெரிகிற டிஸ்க்குகளைப் பட்டியல் போடும். “சூடோ டிஎம்ஈஎஸ்ஜி” கேர்னல் எழுதிவைத்த நாட்குறிப்பைக் காட்டும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு ஒரு கோடும் பேரெழுத்து டியும் சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் நேரமும் வரும். அந்த நாட்குறிப்பை வாசிக்காமல் எதிலும் கை வைக்க வேண்டாம். சிவப்பு எழுத்தைக் கண்டால் சிலர் பயந்து மூடிவிடுகிறார்கள். மருந்தின் பெயர் அந்தச் சிவப்பு வரியில்தான் இருக்கும்.

லினக்ஸ் போடப் போனால் டிஸ்க்கே தெரியவில்லை

புதிய மடிக்கணினிகளில் இது அதிகம். யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவோ மின்ட்டோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) எழும்பும். எங்கே போடுவது என்று கேட்கும் இடத்தில் அந்த யூஎஸ்பியைத் தவிர ஒன்றும் இருக்காது.

முதலில் பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் டிஸ்க் இல்லை என்றால் லினக்ஸில் நேரம் செலவழிக்க வேண்டாம்; வயர், பவர், அல்லது டிஸ்க்தான். பயோஸில் இருக்கிறது, லினக்ஸில் இல்லை என்றால் சாட்டா மோட் என்ற வரியைத் தேடுங்கள். அதில் ரெய்ட் என்றோ இன்டெல் ஆர்எஸ்டி என்றோ இருந்தால் ஆள் பிடிபட்டுவிட்டார். அந்த மோடில் கன்ட்ரோலர் என்விஎம்ஈ டிஸ்க்கை (புதிய வகை வேகமான எஸ்எஸ்டி) தன் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறது. கேர்னலே நாட்குறிப்பில் “ரீமேப்ட் என்விஎம்ஈ” இருக்கிறது, பயோஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்று எழுதிவைக்கும். இதைவிட வெளிப்படையாக ஒரு மெஷின் எப்படிச் சொல்லும்? வாசிக்கத்தான் ஆள் இல்லை.

11ஆம் தலைமுறை இன்டெலிலிருந்து பல மெஷின்களில் இதே வேலையை விஎம்டி என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கேர்னலில் டிரைவர் உண்டு. ஆனால் யாரோ நாலைந்து வருடத்துக்கு முன் பென் டிரைவில் போட்டுத் தந்த பழைய ஐஎஸ்ஓவுக்கு உங்கள் சிப்பின் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள், அல்லது பயோஸில் விஎம்டியை நிறுத்துங்கள்.

சரி, ஒரு எச்சரிக்கை. அந்த மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தால் மோடைச் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸுக்குள் “எம்எஸ்கான்ஃபிக்” திறந்து சேஃப் பூட் போட்டுவிட்டு, மெஷின் திரும்ப எழும்பும்போது பயோஸில் மோடை மாற்றுங்கள். விண்டோஸ் ஒருதரம் சேஃப் மோடில் வந்ததும் அந்தக் குறியை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டைப் போட்டிருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கவேண்டும். சாவி எங்கே என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் என்னையே பார்ப்பார்கள். சாவி இல்லாத மெஷினில் நான் அந்த மோடைத் தொடுவதில்லை.

எந்த டிரைவர் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க “எல்எஸ்பிசிஐ -கே”. கன்ட்ரோலருக்குக் கீழே “கேர்னல் டிரைவர் இன் யூஸ்” என்ற வரி இருந்தால் டிரைவர் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

லீவுக்கு முதல் ஓடியது, பள்ளிக்கூடம் தொடங்க ஓடவில்லை

இது எங்கள் பக்கத்துக்கே உரிய வருத்தம் என்று சொல்லுவேன். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் கூட. ரீச்சர்மார் கவனமாக எல்லாப் பிளக்கையும் கழற்றிவைத்துவிட்டு டிசம்பர் லீவுக்குப் போவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பிளக் சுவரில் இருக்கும்வரை மெஷினின் மணிக்கூட்டுக்கும் பயோஸுக்கும் சுவர்க் கரண்டிலிருந்தே ஒரு சொட்டுப் போய்க்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றினால் அந்தப் பாரம் முழுக்க மதர்போர்டில் இருக்கும் காசளவு பற்றரியில் விழும். பத்து வருடப் பழைய பற்றரி ஒரு மாதம் தாங்காது. பயோஸ் தன் பிறந்தநாள் செட்டிங்குக்குத் திரும்பிவிடும். சாட்டா மோட் மாறும், பூட் வரிசை மாறும், லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்ட லினக்ஸை யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் தேடும். திரையில் “நோ பூட்டபிள் டிவைஸ்”. உடனே தீர்ப்பு: டிஸ்க் போச்சு, டிரைவர் போச்சு.

குறி பார்ப்பது சுலபம். பயோஸில் திகதி பல வருடம் பின்னால் நிற்கும். சிஆர்2032 என்று எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கேளுங்கள், 3 வோல்ட் பற்றரி, மாற்ற ஐந்து நிமிடம். பிறகு திகதியைச் சரிசெய்து, சாட்டா மோடையும் பூட் முறையையும் முன்பு இருந்தபடி வையுங்கள். திகதியைச் சரிசெய்யாமல் விட்டால் இன்னொரு கூத்து நடக்கும். ஃபைல் முறைமையைக் கடைசியாகத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று சோதனை நிரல் குழம்பி, சில வேளை எழும்பாமல் நின்றுவிடும். அப்டேட் போடப் போனாலும் “இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று திருப்பி அனுப்பும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பற்றரி என்றாலே கொண்டுவர முடியாத சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. இன்று இந்தக் காசளவு பற்றரி ஒன்றுக்காக ஒரு கணினி அறையே பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையின் பெட்டிகளின் பக்கத்தில் அன்றைய பயோஸ் செட்டிங்கை மார்க்கர் பேனையால் எழுதி ஒட்டினேன். இப்போது அங்கிருந்து அழைப்பே வருவதில்லை. வருமானத்துக்கு நட்டம்தான்.

கறுப்புத் திரையில் “இனிட்ராம்எஃப்எஸ்” என்று நின்றுவிட்டது

இங்கேதான் உண்மையான டிரைவர் பிழை இருக்க வாய்ப்பு. கேர்னல் எழும்பும்போது கூடவே ஒரு சின்னக் கட்டுச்சோற்றைக் கொண்டுவரும். அதற்குப் பெயர்தான் இனிட்ராம்எஃப்எஸ். டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அதற்குள் இருக்கும். டிஸ்க்கைத் தேடிக் களைத்துப்போனால் யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள இலக்கம்) இன்னது இல்லை என்று சொல்லிவிட்டு உங்களை அங்கேயே இறக்கிவிடும்.

“கேட் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ்” என்று தட்டிப் பாருங்கள். டிஸ்க்கும் அதன் பகுதிகளும் அங்கே இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று. டிஸ்க் எழும்ப நேரம் எடுத்திருக்கும். “எக்ஸிட்” என்று தட்டினால் பயணம் தொடரும். நிரந்தரமாகச் சரிசெய்ய, லினக்ஸை எழுப்பிவிடும் கிரப் என்ற நிரலின் வரியில் “ரூட்டிலே=10” (ரூட், டிலே இரண்டும் ஒரே சொல்லாக) சேர்க்கலாம். அல்லது டிஸ்க்கைப் பிரதி எடுத்து மாற்றியதில் யூயூஐடி மாறியிருக்கும். திரையில் இல்லை என்று சொன்னதை “பிஎல்கேஐடி” காட்டும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஃபைல் முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டு என்று கேட்டிருந்தால், அது பெரும்பாலும் கரண்ட் திடீரென்று நின்றதன் விளைவு. “எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2” போல, அது சொல்லும் பகுதியின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ஆனால் டிஸ்க் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் ஓட்ட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டியலில் டிஸ்க் இல்லவே இல்லை, பயோஸில் மட்டும் இருக்கிறது என்றால் கட்டுச்சோற்றில் டிரைவர் இல்லை. கேளுங்கள்: கடைசியாக என்ன செய்தீர்கள்? “அப்டேட் போட்டம், இடையில கரண்ட் நிண்டிட்டுது.” அதுதான். திரும்ப எழுப்பி, கிரப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கேர்னலைத் தெரிவுசெய்யுங்கள். உள்ளே வந்ததும் முதலில் “டிஎஃப் -ஹெச் /பூட்” என்று பாருங்கள். பூட்டுக்கென்று தனிப் பகுதி வைத்த மெஷின்களில் பழைய கேர்னல்கள் குவிந்து இடம் நிரம்பியிருக்கும். புதிய கட்டுச்சோறு பாதியில் நின்றுபோயிருக்கும். “சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்” இடம் ஆக்கித் தரும். பிறகு “சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ”, அதன்பின் “சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்”. இவ்வளவுதான், ஐஎஸ்ஓ இறக்கத் தேவையில்லை.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை போட்ட டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் இதே திரை வரலாம். அது அந்தப் பழைய மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் கட்டிக்கொண்டு வருகிற வழக்கம் உள்ளது. பட்டியலில் ரெஸ்க்யூ என்ற வரியால் எழுப்பி “சூடோ டிராகட் --ரீஜெனரேட்-ஆல் --ஃபோர்ஸ்” கொடுங்கள்.

எழும்பும்போது ஒன்றரை நிமிடம் சிவப்பு நட்சத்திரம் ஓடுகிறது

டிரைவர் அல்ல. எழும்பும்போது திறக்கவேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டாப் ஃபைலில் எழுதிவைத்த டிஸ்க் ஒன்றை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லினக்ஸின் வேலைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி அதற்காக 90 விநாடி காத்திருக்கிறது. அந்த வரியில் “நோஃபெயில்” சேர்க்கவும். எஸ்டிபி1 என்று பெயர் எழுதியிருந்தால் யூயூஐடிக்கு மாற்றவும், அந்தப் பெயர்கள் எழும்பும் ஒழுங்கைப் பொறுத்து மாறும்.

இடையிடையே உறைகிறது, பிறகு ஓடுகிறது

நாட்குறிப்பில் “ஏடிஏ1: ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்” போல வரிகள் குவிந்திருக்கும். இதைக் கண்டதும் கேர்னலை மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். அந்த வரிக்கு மேலே உள்ள பிழையில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: “ஐசிஆர்சி” அல்லது “யூஎன்சி”. முதலாவது என்றால் தரவு வழியில் பழுதாகிறது, அதாவது வயர். இரண்டாவது என்றால் தட்டிலேயே வாசிக்க முடியாத இடம் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உறுதிப்படுத்த ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியைப் போட்டு “சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ”. மேலே “பாஸ்ட்” என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். சாகிற டிஸ்க்கும் பாஸ்ட் சொல்லும். 5, 197, 198ஆம் வரிகளின் கடைசி எண்களைப் பாருங்கள். அவை பூச்சியமாக இருக்கவேண்டும், அதிலும் 197 ஏறிக்கொண்டு போனால் டிஸ்க் போகிறது. 199ஆம் வரி வயரின் வரலாறு. அந்த எண் ஒருபோதும் இறங்காது, ஆகவே பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாமல் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சாட்டா வயரை மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எண் அப்படியே நின்றால் டிஸ்க் சுகம்.

முல்லைத்தீவுக் கரையோரம் மீன் வாங்கி விற்கிற ஒருவருடைய பெட்டி மூன்றுதரம் என்னிடம் வந்தது. வயர் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், இங்கே ஓடும், அங்கே கொண்டுபோனால் உறையும். மூன்றாம் தரம்தான் பவர் வயரை இணைக்கும் அடாப்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஊசிகளில் பச்சை பிடித்திருந்தது, உப்புக்காற்று. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. கிரவல் வீதி ஓரத்துப் பெட்டிகளில் செம்மண் புழுதி, இன்னும் சிலவற்றில் பல்லி. கேர்னல் பாவம், இதையெல்லாம் “லிங்க் டவுன்” என்று ஒரே பெயரில்தான் எழுதும். மாலையில் மட்டும் உறைகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். பக்கத்தில் அரிசி மில்லோ தண்ணீர்ப் பம்போ ஓடத் தொடங்கும் நேரமாக இருக்கும்.

எல்லாம் சரி, இன்னும் உறைகிறது, அதுவும் எஸ்எஸ்டியில் என்றால் அப்போதுதான் டிரைவர் பக்கம் போகலாம். கிரப் வரியில் “லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=நோஎன்சிக்யூ” சேர்த்துப் பாருங்கள்; கட்டளைகளை வரிசைகட்டி அனுப்புவதை அது நிறுத்தும். வேகம் கொஞ்சம் குறையும். என்விஎம்ஈ என்றால் நாட்குறிப்பில் “கன்ட்ரோலர் இஸ் டவுன்” இருக்கிறதா பாருங்கள். 2017இல் வந்த 4.11 கேர்னலிலிருந்து என்விஎம்ஈ தானாகத் தூங்கும் மின்சேமிப்பு வசதி இருக்கிறது. சில டிஸ்க்குகள் தூங்கினால் எழும்பாது. “என்விஎம்ஈ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0” என்று கொடுத்தால் தூங்கவிடாது.

ஃபைலைச் சேமிக்க விடவில்லை, “ரீட் ஒன்லி” என்கிறது

ஃபைல் முறைமை பிழையைக் கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அது பாதுகாப்பு, அதை வற்புறுத்தித் திறக்க வேண்டாம். நாட்குறிப்பில் காரணம் இருக்கும், மேலே இடையிடையே உறைவது பற்றிச் சொன்ன பகுதிக்குப் போங்கள்.

வெளி டிஸ்க் மாட்டினால் வந்து வந்து போகிறது

யூஎஸ்பி டிஸ்க்கில் முதல் சந்தேகம் கரண்ட்தான். யூஎஸ்பி 2 துளை 500 மில்லி அம்பியர், யூஎஸ்பி 3 துளை 900. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதற்கு மேலும் கேட்கும். பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில், நீட்டு வயர் இல்லாமல் மாட்டிப் பாருங்கள். கணிசமானவை இதோடு தீரும்.

தீரவில்லை, நாட்குறிப்பில் “யூஏஎஸ்” என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இது உண்மையான டிரைவர் பிரச்சினை. யூஎஸ்பி டிஸ்க்கை ஓட்ட இரண்டு டிரைவர் உண்டு: வேகமான யூஏஎஸ், பழைய யூஎஸ்பி-ஸ்டோரேஜ். மலிவான பெட்டிகளில் இருக்கும் சில சிப்புகள் தங்களுக்கு யூஏஎஸ் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் தடுமாறும். “எல்எஸ்யூஎஸ்பி” அந்த டிஸ்க்குக்குத் தரும், நடுவில் முக்காற்புள்ளி உள்ள ஐடி இலக்கத்தை அப்படியே எடுத்து, கிரப் வரியில் “யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.க்வர்க்ஸ்=” என்பதன் பின் அந்த இலக்கத்தையும், முக்காற்புள்ளி ஒன்றையும், யூ என்ற எழுத்தையும் சேர்த்துவிட்டு “சூடோ அப்டேட்-கிரப்” கொடுங்கள். அந்த டிஸ்க் மட்டும் பழைய டிரைவரில் ஓடும்.

விண்டோஸ் பகுதி திறக்கவில்லை

விண்டோஸ் நிற்கவே இல்லை, அரைத் தூக்கத்தில் இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு முழுதாக ஷட் டவுன் செய்து வாருங்கள். 5.15 கேர்னலிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறக்கும் என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் உள்ளேயே இருக்கிறது; சரியாக மூடப்படாத பகுதியைத் தொட அது மறுக்கும். மறுப்பதுதான் நியாயம். “ஃபோர்ஸ்” போட்டுத் திறந்து கணக்குப் புத்தகத்தைக் குழப்பிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

டக் டக் என்று சத்தம், 197 ஏறுகிறது

இங்கே திருத்தம் என்று ஒன்றும் இல்லை, பிரதி எடுப்பது மட்டும்தான். பழகிய புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தின் டிஸ்க் வந்தது. ஏழெட்டு வருட இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள் அதற்குள். நான் கெட்டித்தனமாக எஃப்எஸ்சிகே ஓட்டினேன். அது வாசிக்க முடியாத இடங்களையெல்லாம் பிழை என்று எடுத்து, கோப்புறைகளைப் பிய்த்துத் துண்டுகளாகப் போட்டுவிட்டது. டிஸ்க்கும் அன்று பின்னேரமே நின்றது. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. “சரி தம்பி” என்றுவிட்டுப் போனா.

இப்போது அப்படிப்பட்ட டிஸ்க்கை மவுண்ட் பண்ணுவதே, அதாவது ஃபைல் பார்க்கத் திறப்பதே, இல்லை. வேறு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, ஜிடிடிரெஸ்க்யூ பொதியைப் போட்டு, “சூடோ டிடிரெஸ்க்யூ -டி -என் /டெவ்/எஸ்டிபி படம்.ஐஎம்ஜி படம்.மேப்” என்று தொடங்குவேன். முதலில் வருவது நோயாளி, இரண்டாவது பிரதி போகும் இடம். தட்டும் முன் எல்எஸ்பிஎல்கேயை இரண்டுதரம் பார்த்து எஸ்டிபி எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சுலபமாக வாசிக்க முடிகிற பகுதியை முதலில் அள்ளிக்கொள்ளும், கரடுமுரடான இடத்தை விட்டுவிடும். பிறகு “-என்” இல்லாமல் அதே கட்டளையை ஓட்டினால் அந்த இடங்களையும் சுரண்டிப் பார்க்கும். திருத்தமெல்லாம் அந்தப் பிரதியின் பிரதியில்தான்.

இதற்கு ஓர் இரவு போகும், சில வேளை இரண்டு. இடையில் கரண்ட் நின்றால் பதற வேண்டாம். மேப் ஃபைல் பத்திரமாக இருந்தால், வெளிச்சம் வந்ததும் அதே கட்டளையை ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.